முதல் வரைவா, முதல் நகலா?

"துப்பறியும் நாவலின் முதல் நகலை முடித்துவிட்டேன், இரண்டாம் நகலைத் தொடங்கப் போகிறேன்" என்று புதிதாக எழுத வருபவர்கள் சொல்வதும், எழுத்துப் பயிற்சி நூல்களை மொழிபெயர்ப்பவர்கள் அதே சொல்லை அச்சிலேற்றுவதும் வழக்கமாகி வருகின்றன. அவர்கள் சொல்ல நினைப்பது டிராஃப்ட். அதற்குரிய தமிழ்ச் சொல் வரைவு, நகல் அன்று.

டிராஃப்ட் என்பது இழுத்தல் என்னும் பொருளுடைய பழைய ஆங்கில வினையின் வழிவந்த சொல். படம் வரைவதைக் குறிக்கும் டிரா என்னும் வினைக்கும் அதுவே வேர். வங்கியிலும் கப்பலிலும் அதற்கு வேறு பொருள்கள் உண்டு. நாவலாசிரியருக்கு வேண்டியது ஒன்றுதான்: திருத்தப்படும் என்று தெரிந்தே எழுதப்படுகிற, முடிவுபெறாத எழுத்து.

நகல் அரபியிலிருந்து வந்த சொல். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பெயர்த்தல், பார்த்து எழுதுதல் என்பன அதன் பொருள்கள். அதன் இணையான அசலும் அரபிதான். அதற்கு வேர், மூலம் என்று பொருள். பத்திரத்தின் அசல், பத்திரத்தின் நகல் என்று இரண்டையும் சேர்த்தே வழங்குகிறோம். அசல் ஒன்று முன்னதாக இருந்தாலொழிய நகல் என்பதற்கு இடமே இல்லை. ஓலைச் சுவடி காலத்திலிருந்து இதற்குப் படி என்ற நல்ல சொல்லும் நம்மிடம் இருக்கிறது. ஏட்டைப் பார்த்து எழுதுவதைப் படியெடுத்தல் என்றே சொன்னார்கள்.

முதன்முறை எழுதுபவர் எந்த அசலைப் பார்த்துப் படியெடுக்கிறார்? ஒரு துப்பறியும் நாவலின் தொடக்க நிலையைத் தாளில் பார்த்தால் இந்தக் கேள்வியின் நியாயம் விளங்கும். மூன்றாம் அத்தியாயத்தில் பத்து மணிக்கு நின்றுபோன கடிகாரம் பதினெட்டாம் அத்தியாயத்தில் ஓடிக்கொண்டிருக்கும். சாட்சியின் பெயர் பாதியில் மாறியிருக்கும். ஒரு பக்கத்தில் "இங்கே விசாரணைக் காட்சி" என்ற குறிப்புக்குக் கீழே வெற்றிடம் இருக்கும். கொலையாளி மருத்துவர்தான் என்பது எழுதுபவருக்கே கடைசி அத்தியாயங்களில் புலப்பட்டிருக்கும். அதற்குரிய தடயங்களை அவர் இனிமேல்தான் முன்பக்கங்களில் கொண்டுபோய் வைக்க வேண்டும். 1999இல் அமெரிக்காவில் தொடங்கிய நாவல் எழுதும் மாத இயக்கம் ஒரே மாதத்தில் 50,000 சொற்களை எழுதச் சொன்னது இத்தகைய எழுத்தைத்தான். இதில் எந்தப் பகுதியும் வேறொன்றின் படி அன்று.

நகலை ஆதரிப்பவர்கள் கட்சி மாநாடுகளில் வழங்கும் "நகல் தீர்மானம்", "நகல் அறிக்கை" ஆகியவற்றைச் சான்றாகக் காட்டுகிறார்கள். அங்கே உறுப்பினர் கைகளில் சுற்றுக்கு விடப்படும் படி என்ற எண்ணத்தில் அது ஒருவாறு பொருந்தலாம். தனி அறையில் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும், வேறெவரும் பார்த்திராத கதைக்கு அது எவ்வகையிலும் பொருந்தாது. அதைவிடப் பெரிய கேடும் இருக்கிறது. இன்றைய வழக்கில் நகல் என்றால் போலி, பார்த்துச் செய்தது என்ற பொருள் வலுத்திருக்கிறது. துப்பறியும் கதை, பேய்க்கதை, அறிவியல் புனைகதை எழுதுபவர்கள் மீது "எங்கிருந்தோ எடுத்தது" என்ற பழி மிக எளிதாகச் சுமத்தப்படுகிறது. அப்படியிருக்க, தம் சொந்த உழைப்பைத் தாமே நகல் என்று அறிவிப்பது அவர்களுக்கு அவர்களே இழைத்துக்கொள்ளும் அநீதி.

வரைவு என்றால் ஓவியம் போலத் தோன்றுகிறது, அல்லது அரசாணை வாடை அடிக்கிறது என்பது நகலை ஆதரிப்பவர்களின் மறுப்பு. தமிழில் எழுத்துக்கும் ஓவியத்துக்கும் இடையே அப்படியொரு வேலி என்றுமே இருந்ததில்லை. திருக்குறளின் 1285ஆம் குறளில் எழுதுதல் என்பது கண்ணுக்கு மை தீட்டுவதைக் குறிக்கிறது. மறுபக்கம், மடல் வரைந்தான், கடிதம் வரைந்தான் என்று இன்றும் எழுதுகிறோம். அரசு அலுவலகங்கள் வரைவு மசோதா, வரைவு வாக்காளர் பட்டியல் என்று வழங்குவது இச்சொல்லுக்கு வலுவே சேர்க்கிறது. இறுதியாகாதது, திருத்தத்துக்கு உரியது என்ற பொருளை அதனால் எல்லோரும் அறிந்திருக்கிறார்கள்.

நகல் பிறமொழிச் சொல் என்பதற்காக நான் அதை விலக்கவில்லை. வக்கீல், வசூல், அசல் எல்லாம் தம் இடத்தில் தெளிவாக நிற்கின்றன. என் குறை மொழிபெயர்ப்பாளர்கள் மீதுதான். அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து வைத்துவிட்டு, அது அந்த வாக்கியத்தில் என்ன பொருள் தருகிறது என்று ஒருமுறை வாசித்துப் பார்ப்பதில்லை. அவுட்லைனையும் வரைவு என்றே எழுதி, எழுதத் தொடங்காத கதைத்திட்டத்தையும் எழுதி முடித்த கதையையும் ஒன்றாக்கிவிடுவதும் இதே அலட்சியத்தால்தான்.

ஆகவே, எழுதுமுன் வகுப்பது கதைத்திட்டம். எழுதுவது முதல் வரைவு. அதைத் திருத்தி எழுதுவது இரண்டாம் வரைவு. பதிப்பகத்துக்குக் கொடுப்பது கைப்பிரதி, அச்சுக்கு முன் பிழை பார்ப்பது மெய்ப்பு. நண்பர் இருவர் படித்துக் கருத்துச் சொல்வதற்காக இரண்டாம் வரைவை இரண்டு படி எடுத்தால், அவற்றைத் தாராளமாக நகல் என்று சொல்லலாம்.