பைப் ஒட்டியாச்சு, வாடை ஏன் போகவில்லை?

உடைந்த எல்போவை (பைப் திரும்பும் இடத்தில் மாட்டும் வளைவுத் துண்டு) தானே மாற்றி ஒட்டிய வாசகர் ஒருவர் கேட்கிறார்: கசிவு நின்றுவிட்டது, ஆனால் மூன்று நாளாகியும் தண்ணீரில் பெயின்ட் மாதிரி வாடை, ஒரு மணி நேரம் குழாயைத் திறந்துவிட்டும் போகவில்லை, ஏன்?

பைப் ஒட்டும் பிவிசி சொல்யூஷனை நாம் பசை என்று நினைத்துக்கொள்கிறோம். அது பசையே இல்லை. டெட்ராஹைட்ரோஃபியூரான், எம்இகே (மெத்தில் எத்தில் கீட்டோன்), சைக்ளோஹெக்சனோன் போன்ற கரைப்பான்களில் கொஞ்சம் பிவிசியைக் கரைத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பிவிசி என்பது நீள நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் சிக்கிக் கிடக்கும் ஒரு கூட்டம். சுமார் 80 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அவை அசையாமல் உறைந்து கிடக்கும். கரைப்பான் உள்ளே புகுந்ததும் சங்கிலிகள் தளர்ந்து, பைப்பின் சங்கிலிகளும் எல்போவின் சங்கிலிகளும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்துகொள்கின்றன. அப்புறம் கரைப்பான் வெளியேற வேண்டும்.

எனக்குப் பிடித்த இடமே இதுதான். கரைப்பான் இருக்கும்வரைதான் பிளாஸ்டிக் இளகியிருக்கும், அது வெளியேற வெளியேறப் பாதையும் இறுகும். வெளிப்புற அடுக்கு முதலில் காய்ந்து கெட்டியாகிவிடுவதால் உள்ளே இருப்பவை அந்தக் கெட்டித் தோலை ஊடுருவித்தான் வரவேண்டும், கடைசியாகப் போகிறவர் கதவைச் சாத்திவிட்டுப் போவார்களே, இங்கே முதலில் போகிறவரே சாத்திவிடுகிறார்! போதாததற்குத் தடிமன் இரண்டு மடங்கானால் ஊடுருவ ஆகும் நேரம் நான்கு மடங்காகும். டெட்ராஹைட்ரோஃபியூரானின் கொதிநிலை 66 டிகிரி, சட்டென்று பறந்துவிடும். சைக்ளோஹெக்சனோனுக்கு 156. அது மெதுவாகத்தான் கிளம்பும்.

ஆக, ஓடும் தண்ணீர் ஏற்கெனவே வெளியே வந்ததை மட்டும்தான் அள்ளிப்போகும், உள்ளே இருப்பதை இழுத்து வராது. 20 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள பைப்பில் 10 மீட்டருக்கு சுமார் 3 லிட்டர் தண்ணீர்தான் நிற்கும், குழாயைத் திறந்த கொஞ்ச நேரத்திலேயே அது வெளியேறிவிடும். ஒரு மணி நேரம் திறந்துவிட்டது அத்தனையும் வீண். சொல்யூஷன் டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை காயவிட்டு, பைப்பை நிரப்பி இரவு முழுக்க நிற்கவைத்து, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். வாடை போகும்வரை தினமும் இதே வேலைதான். அதுவரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். குழாய் முனையில் இருக்கும் வலையையும் கழற்றிக் கழுவுங்கள், அறுத்த பிளாஸ்டிக் தூள் அங்கேதான் போய் உட்காரும்.

வினிகரும் சமையல் சோடாவும் ஊற்றச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டி, மிஞ்சுவது நுரையும் உப்புத் தண்ணீரும். கரைப்பானுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பிளீச்சிங் கரைசலை ஊற்றுவது இன்னும் மோசம், எம்இகே அதோடு சேர்ந்தால் குளோரோஃபார்ம் உருவாகலாம்.

இரண்டு மூன்று வாரமாகியும் வாடை குறையவில்லையென்றால் உள்ளே சொல்யூஷன் வழிந்து குட்டையாகத் தேங்கியிருக்கும். அந்த இணைப்பை வெட்டியெடுத்து மாற்றுவதுதான் வழி. இந்த முறை சொல்யூஷனை எல்போவுக்குள் மெல்லிசாகவும் பைப்பின் வெளிப்பக்கம் தாராளமாகவும் தடவுங்கள். பைப்பை அழுத்தும்போது பைப்பின் மேல் தடவியதில் மிகுதி எல்போவின் வாய்ப்பக்கமே வெளியே ஒதுங்கும், எல்போவுக்குள் தடவியது தண்ணீர் ஓடும் பக்கம் தள்ளப்படும்.