நியர் மிஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

பவர் பிரஸ்ஸில் பெடலை ஒருமுறை மிதித்தால் மேலிருக்கும் அச்சு ஒருமுறைதான் இறங்க வேண்டும். கிளட்ச் சாவி தேய்ந்துபோனாலோ, சுருள்வில் உடைந்தாலோ சில நேரம் மிதிக்காமலேயே இரண்டாம் தடவையும் இறங்கிவிடும். அந்த நொடியில் தகட்டை எடுக்கக் கை உள்ளே போயிருந்தால் விரல் இருக்காது. வேர்வையைத் துடைக்கக் கை கழுத்துக்குப் போயிருந்தால் ஒன்றும் ஆகாது. "ஜஸ்ட் மிஸ்சு" என்று சொல்லிவிட்டு ஆள் டீ குடிக்கப் போய்விடுவார். அடுத்த ஷிப்டில் அதே இயந்திரத்தில் இன்னொருவர் உட்காருவார்.

அந்த "ஜஸ்ட் மிஸ்"ஸுக்குப் பாதுகாப்புத் துறை வைத்திருக்கும் பெயர்தான் நியர் மிஸ். காயம் இல்லை, சேதம் இல்லை. நேரமோ இடமோ இம்மி மாறியிருந்தால் இரண்டும் இருந்திருக்கும். பணியிடப் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 45001 தரநிலை (2018) இதைத் தனி இனமாகப் பிரிக்கவில்லை. 'இன்சிடென்ட்' என்ற பொதுச்சொல்லின் கீழே வைத்து, காயம் ஏற்படாமல் அதற்கான வாய்ப்பு மட்டும் இருந்தால் நியர் மிஸ், நியர் ஹிட், குளோஸ் கால் எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள் என்று குறிப்பு எழுதி விட்டுவிட்டது.

இந்தியாவில் 2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் இந்தச் சொல் இருக்கவில்லை. 1976இல் அதில் சேர்த்த 88-ஏ பிரிவு 'அபாயகரமான நிகழ்வு' என்று ஒன்றைச் சொன்னது. யாருக்காவது காயம் பட்டாலும் படாவிட்டாலும் மேலாளர் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. ஆனால் அது விதிகளில் பட்டியலிட்ட பெரிய சங்கதிகளுக்கு மட்டும்: அழுத்தக் கலன் வெடிப்பது, கிரேன் சரிவது, இப்படி. பிரஸ் தானாக ஒருமுறை இறங்கியதெல்லாம் அதில் வரவில்லை. ஆகவே அபாயகரமான நிகழ்வும் நியர் மிஸ்ஸும் ஒன்றென்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் பரவியது தொழிற்சாலையிலிருந்து இல்லை, இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சு அறிக்கைகளிலிருந்து. கப்பலைக் குறிவைத்துப் போட்ட குண்டு, கப்பலில் விழாமல் பக்கத்துத் தண்ணீரில் விழுந்தால் அது நியர் மிஸ். 'கிட்டத்தில் விழுந்து குறி தவறியது' என்று பொருள். அதற்காக அது வீணான குண்டு என்றும் சொல்லிவிட முடியாது. 1942 ஜூனில் மிட்வே சண்டையில் ஜப்பானின் 'அகாகி' விமானந்தாங்கிக் கப்பலின் பின்புறம் தண்ணீரில் விழுந்த குண்டு அதன் சுக்கானைப் பழுதாக்கியது. போரில் இது குண்டு போட்டவன் பக்கமிருந்து பேசும் சொல். தொழிற்சாலைக்கு வந்தபோது குண்டுக்குத் தப்பியவன் பக்கம் மாறிக்கொண்டது. 'கிட்டத்தட்டத் தவறியது என்றால் பட்டுவிட்டது என்றுதானே அர்த்தம்' என்று ஆங்கிலத்தில் இதை வைத்துக் கிண்டல் செய்வதுண்டு. மேலே சொன்ன குண்டுக் கணக்கில் பார்த்தால் அந்தக் கிண்டலுக்கு இடமே இல்லை.

சரி, தமிழுக்கு வருவோம். இங்கே சொல் இல்லாததால் வரும் சிக்கல் கிடையாது, சொற்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் வரும் சிக்கல்தான். தப்பு என்றால் குற்றம், பிசகு. அதே தப்புதான் 'உயிர் தப்பினான்' என்பதிலும் இருக்கிறது. 'குறி தப்பியது', 'தாளம் தப்பியது' என்றும் சொல்கிறோம். பிழையும் அப்படியே. எழுத்துப் பிழை என்றால் தவறு; 'உயிர் பிழைத்தான்' என்றால் மீண்டான்; 'பிழைப்பு' என்றால் வாழ்க்கையே. எண்ணியது நடக்காமல் விலகிப்போவதுதான் இரண்டுக்கும் அடியில் இருக்கும் பொருள். செய்ய வேண்டியது விலகினால் குற்றம், வர வேண்டிய சாவு விலகினால் உயிர். நியர் மிஸ் என்பதில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன: எங்கோ ஒரு தப்பு நடந்திருக்கிறது, யாரோ தப்பியிருக்கிறார்கள்.

தவறு என்ற சொல்லோ எதிர்த்திசையில் போய்விட்டது. 'தவறி விழுந்தார்', அப்புறம் 'தவறிவிட்டார்'. பேச்சு வழக்கில் தவறிப்போனவர் என்றால் இறந்தவர். நியர் மிஸ்ஸைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'அருகாமைத் தவறு' என்று ஒரு படிவத்தில் அச்சிட்டால், படிக்கும் தொழிலாளிக்குப் பக்கத்தில் யாரோ தவறு செய்ததாகத்தான் படும். யார் அந்த ஆள் என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். அந்தப் படிவத்தை ஒருத்தரும் நிரப்ப மாட்டார்கள்.

நாம் இயல்பாகச் சொல்லும் தொடர்களும் இருக்கின்றன. மயிரிழையில் தப்பினான், நூலிழையில் உயிர் பிழைத்தார், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. கடைசியாகச் சொன்னது நியர் மிஸ்ஸுக்கு அச்சு அசலான பழமொழி. ஆனால் அதைச் சொல்லும் இடத்தைக் கவனியுங்கள். கணக்கை முடிக்கும்போதுதான் சொல்கிறோம். 'திருஷ்டி கழிந்ததென்று நினைத்துக்கொள்' என்பதும் அதே இடத்தில்தான் வரும். நாளிதழ்களும் தம் பங்குக்கு 'அதிர்ஷ்டவசமாக உயிர்ச்சேதம் ஏதுமில்லை' என்று எழுதிச் செய்தியை முடித்துவிடும். பாதுகாப்புத் துறை இந்தச் சொல்லை வைத்திருப்பது கணக்கைத் தொடங்குவதற்கு. வழக்குத் தொடர்களை அப்படியே கலைச்சொல்லாக எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் இருப்பது இதனால்தான்.

கணக்கைத் தொடங்குவது என்றால் என்ன என்பதற்கு 1974இல் அமெரிக்காவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி டி.டபிள்யூ.ஏ. 514 என்ற விமானம் வாஷிங்டன் நேஷனல் விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. பலத்த காற்று காரணமாக, அதே வாஷிங்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் டல்லஸ் (Dulles) விமான நிலையத்துக்குத் திருப்பிவிட்டார்கள். ஓடுபாதை இன்னும் 70, 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போதே தரையிலிருந்து, இறங்கி அணுகலாம் என்று அனுமதி வந்தது. அனுமதி கிடைத்துவிட்டதால் வழியில் தடை ஏதும் இருக்காது என்று விமானிகள் 1,800 அடிக்கு இறங்கத் தொடங்கினார்கள். வழியில் எந்த இடத்தில் எவ்வளவு உயரம் காக்க வேண்டும் என்பதை விமானிகள் வரைபடத்தைப் பார்த்துக்கொள்வார்கள் என்று தரையில் இருந்தவர்கள் நினைத்தார்கள். நடுவில் இருந்தது மவுண்ட் வெதர் என்ற மலை. விமானத்தில் இருந்த 92 பேரும் இறந்தார்கள்.

அதற்கு ஆறு வாரம் முன்னால் யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று அதே அனுமதியை அதே மாதிரி புரிந்துகொண்டு அதே மலைப்பக்கம் தாழ்ந்து பறந்து, மோதாமல் போயிருக்கிறது. அந்த விமானிகள் மறைக்கவில்லை, தங்கள் நிறுவனத்தில் சொன்னார்கள். நிறுவனமும் சும்மா இருக்கவில்லை, தன் விமானிகளை எச்சரித்தது. ஆனால் எச்சரிக்கை அந்த நிறுவனத்தின் வாசலைத் தாண்டவில்லை.

இதற்குப் பிறகு, 1976இல், விமானப் பாதுகாப்பு அறிக்கை முறை என்று ஒன்றை அமெரிக்கா தொடங்கியது. விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தி அபராதம் போடும் அமைப்பிடம் அதைக் கொடுக்காமல் நாசாவிடம் கொடுத்தார்கள். இந்த ஏற்பாட்டில் உயிர்நாடி அதுதான் என்பேன். விமானி எழுதி அனுப்பும் படிவத்தில் பெயரும் முகவரியும் இருக்கும் பட்டையை மட்டும் கிழித்து, தேதி முத்திரை குத்தி அவருக்கே திருப்பி அனுப்புவார்கள். மீதித் தாளில் என்ன நடந்தது என்பது மட்டும் மிஞ்சும். வேண்டுமென்று செய்யாத விதிமீறலாக இருந்து, 10 நாளுக்குள் எழுதி அனுப்பியிருந்தால், பின்னால் அது வேறு வழியில் வெளிவந்தாலும் அந்தப் பட்டையைக் காட்டி அபராதத்திலிருந்து விலக்குப் பெறலாம். விபத்தாகவே முடிந்தவற்றுக்கும் குற்றச் செயல்களுக்கும் இந்தச் சலுகை கிடையாது. தவிர்ந்தவற்றைச் சொல்பவருக்கு மட்டும்.

மற்ற துறைகள் இதைக் கற்றுக்கொண்டனவா என்றால், கற்றுக்கொள்ளாத கதைகள்தான் எனக்கு அதிகம் நினைவுக்கு வருகின்றன. 1977 செப்டம்பரில் ஓஹியோவின் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில், உலையின் அழுத்தத்தைக் குறைக்கத் திறக்கும் வால்வு ஒன்று மூடாமல் திறந்தபடியே சிக்கிக்கொண்டது. உலை 9 சதவீதத் திறனில்தான் ஓடிக்கொண்டிருந்தது, 20 நிமிடத்தில் கண்டுபிடித்து அடைத்துவிட்டார்கள். மற்ற நிலையங்களை எச்சரிக்க வேண்டும் என்று உலையைத் தயாரித்த நிறுவனத்துக்குள் குறிப்பு எழுதப்பட்டது, ஆனால் எச்சரிக்கை போகவில்லை. 1979 மார்ச்சில் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் அதே வகை வால்வு அதே போலச் சிக்கியது. அங்கே உலை ஏறக்குறைய முழுத் திறனில் ஓடிக்கொண்டிருந்தது. கண்டுபிடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. உலையின் மையத்தில் ஒரு பகுதி உருகியது.

எண்ணெய்க் கிணறுகளிலும் இதே கதை. 2009 டிசம்பர் 23 அன்று வடகடலில் டிரான்ஸ்ஓஷன் நிறுவனத்தின் மேடை ஒன்றில் கிணற்றுச் சேறு மேலே பீறிட்டு வந்தது, எப்படியோ மூடிவிட்டார்கள். அதே நிறுவனத்தின் டீப்வாட்டர் ஹொரைசன் மேடையில் இருந்தவர்களுக்கு அந்தப் பாடம் போய்ச் சேரவில்லை. நான்கு மாதம் கழித்து, 2010 ஏப்ரல் 20 அன்று அது வெடித்து 11 பேர் இறந்தார்கள். ஏழு வருடமாக ஒரு தொழிலாளியும் காயத்தால் வேலைநாளை இழக்கவில்லை என்று பாராட்ட மேலதிகாரிகள் அன்றைக்கு அங்கே வந்திருந்தார்கள்.

இந்த இடத்தில், பாதுகாப்பு வகுப்புகளில் தவறாமல் காட்டும் முக்கோணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த ஹெய்ன்ரிச் 1931இல் சொன்னது: ஒரே வகையான 330 நிகழ்வுகளில் 300 காயமின்றி முடியும், 29 சிறு காயத்தில், ஒன்று பெருங்காயத்தில். அவர் எந்தத் தரவை வைத்து இதைக் கணக்கிட்டார் என்பதைப் பிற்காலத்தில் யாராலும் சரிபார்க்க முடியவில்லை. 'ஒரே வகையான' என்ற சொல்லும் வழியில் உதிர்ந்துவிட்டது. படிக்கட்டில் வழுக்கியதை எத்தனை எண்ணினாலும் கிணறு வெடிக்கப்போவது தெரியாது. மாதத்துக்கு ஆளுக்கு இத்தனை நியர் மிஸ் கார்டு எழுதியே ஆக வேண்டும் என்று இலக்கு வைக்கும் இடங்களில் 'தரையில் தண்ணீர் கிடந்தது' என்பதே திரும்பத் திரும்ப வருவதில் ஆச்சரியம் இல்லை. தண்ணீர் கிடப்பது அபாய நிலை. அதில் ஒருவர் வழுக்கி விழாமல் சுவரைப் பிடித்துக்கொண்டால்தான் அது நியர் மிஸ்.

இனி, தமிழ்ச் சொல். 'தப்பிய விபத்து' என்றால் பொருள் புரியும், ஆனால் விபத்தே தப்பி ஓடியது போலவும் கேட்கிறது. 'தவிர்த்த விபத்து' சரிவராது. தவிர்த்த என்றால் யாரோ முனைந்து தவிர்த்திருக்க வேண்டும், பிரஸ்ஸில் கை போகாமல் இருந்ததற்கு யாரும் முனையவில்லை. 'தவிர்ந்த விபத்து' என்பதே பொருத்தம் என்பது என் கருத்து. தன்வினை என்பதால் யாருக்கும் பெருமையும் சேராது, பழியும் சேராது. தானாக விலகிய விபத்து என்ற உண்மை மட்டும் நிற்கும். படிவத்திலும் அறிக்கையிலும் அப்படி எழுதலாம்: 'இரண்டாம் பிரஸ்ஸில் தவிர்ந்த விபத்து; கிளட்ச் சாவியைப் பார்க்கவும்.' பட்டறையில் வாய்ப்பேச்சுக்கு 'ஜஸ்ட் மிஸ்' இருந்துவிட்டுப் போகட்டும். அதுவும் நம்மூர்ச் சொல்லாகிவிட்டது.

மருத்துவத்தில் ஓரிடத்தில் மட்டும் இது செல்லாது. மருந்து மாறிக் கொடுக்கவிருந்து கடைசி நேரத்தில் கண்டுபிடித்தால் தவிர்ந்த விபத்துதான், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் பேறுகாலத்தில் 'மேட்டர்னல் நியர் மிஸ்' என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது வேறு: கர்ப்பத்திலோ, பிரசவத்திலோ, கர்ப்பம் முடிந்த 42 நாளுக்குள்ளோ சாவின் விளிம்புக்குப் போய் உயிர் மீண்ட பெண். இங்கே தீங்கு நடந்தேவிட்டது, மரணம்தான் நடக்கவில்லை. மீட்பதற்குப் பாடுபட்டவர்களும் இருக்கிறார்கள். இதற்கு நம் வீடுகளில் 'செத்துப் பிழைத்தவள்' என்பார்கள். பதிவேட்டுக்கு அது கொஞ்சம் கரடுமுரடு என்று பட்டால் 'உயிர் மீண்ட தாய்' என்று எழுதலாம்.