பெல்ட்டை இறுக்கும் முன் புல்லியின் ரப்பரைப் பாருங்கள்

தை மாதம், சம்பா நெல் வரத்து உச்சத்தில் இருந்த நேரம். நீடாமங்கலம் பக்கம் ஒரு புழுங்கல் அரிசி மில்லிலிருந்து போன். "டிரையர் எலிவேட்டர் அடைச்சுக்கிட்டே இருக்கு சார். பெல்ட் லூஸாயிடுச்சு, புதுசுக்கு அளவு எடுத்துட்டுப் போங்க" என்றார் முதலாளி. எலிவேட்டர் என்றால், பெல்ட்டில் வரிசையாகப் போல்ட் போட்ட பக்கெட்டுகளில் நெல்லை மேலே தூக்கும் கூண்டு. மேலே ஒரு புல்லி (பெல்ட் சுற்றும் உருளை), கீழே ஒரு புல்லி. மேல் புல்லியைத்தான் மோட்டார் சுற்றும். போய்ப் பார்த்தால், 'பூட்' என்கிற அடிப்பெட்டியில், பெல்ட்டை இறுக்க இருக்கும் இரண்டு இறுக்கு போல்ட்டுகளும் மரை முடியும்வரை முடுக்கப்பட்டிருந்தன. அந்த சீசனில் மட்டும் மேல் பேரிங்கை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டதாம்.

மோட்டாரை நிறுத்தி, ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, மேல் புல்லியின் ஹெட் ஷாஃப்ட் முனையிலும் கீழ்ப் புல்லியின் பூட் ஷாஃப்ட் முனையிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டோம். திரும்ப ஓட்டி, நெல் விட்டு, ஒரு நிமிஷம் எண்ணினோம். நான் மேலே, மேஸ்திரி கீழே. எனக்கு 60 வந்தது, அவருக்கு 52. இரண்டு புல்லியின் டிரம்மும் குறுக்களவில் ஒரே 500 மில்லிமீட்டர். இரண்டும் ஒரே மாதிரி சுற்ற வேண்டும். புல்லி 60 சுற்றினால் பெல்ட் 52 சுற்றுக்குத்தான் நகர்கிறது. மிச்சமெல்லாம் வழுக்கல், அதாவது சூடு.

ஹெட் மூடியைத் திறந்ததும் கருகிய ரப்பர் வாடை. புல்லியின் மேல் ஒட்டியிருந்த லைனர் நடுவில் இரும்பு தெரியத் தேய்ந்து, ஓரத்தில் மிச்சமிருந்ததும் கண்ணாடி போலப் பளபளத்தது. லேகிங் என்று கம்பெனி புத்தகத்தில் இருக்கும். நம் பட்டறைகளில் ரப்பர் லைனிங் என்போம். எலிவேட்டரில் யாரும் திரும்பிப் பார்க்காத பொருள் இதுதான்.

கணக்கு சின்னதுதான். பெல்ட் மேல் புல்லியை அரை வட்டம் சுற்றுகிறது. நெல் ஏறும் பக்கத்து இழுவை, காலி பக்கெட் இறங்கும் பக்கத்து இழுவையைப் போல எத்தனை மடங்கு வரை போகலாம் என்பதை உராய்வுதான் தீர்மானிக்கிறது. காய்ந்த வெறும் இரும்புக்கு உராய்வுக் குணகம் 0.25 என்று எடுத்தால் 2.2 மடங்கு. ரப்பர் போட்டு 0.35 ஆனால் 3 மடங்கு. இரும்பு ஈரமாகி 0.1க்கு இறங்கினால் 1.4 தான். இறுக்கு போல்ட்டைத் திருகினால் இரண்டு பக்கத்து இழுவையும் கூடும். வழுக்கல் கொஞ்சம் அடங்கும். ஆனால் அந்த பாரத்தைச் சுமப்பது பேரிங்கும் ஷாஃப்ட்டும். இரண்டு பேரிங் போன கதை அதுதான்.

டெல்டா மில்களில் எல்லா எலிவேட்டருக்கும் ஒரே ரப்பர் போடுவது எனக்கு ஒப்பாத விஷயம். குழியிலிருந்து பச்சை நெல்லைத் தூக்குவதில் தூசியும் சுணையும் அதிகம். உமியை எரித்தால் கிடைக்கிற சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, மணல் ஜாதி. பெல்ட்டுக்கும் ரப்பருக்கும் நடுவில் அந்த உமித்தூசி புகுந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரிதான். டிரையர் எலிவேட்டரில் கஷ்டம் வேறு: அவித்த நெல் சூடும் ஈரமுமாக மணிக்கணக்கில் அதே வழியாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அரிசி, தவிடு ஏறும் இடத்தில் இன்னொரு சிக்கல். தவிட்டில் 15 முதல் 20 சதவீதம் வரை எண்ணெய் இருக்கிறது. சாதாரண ரப்பர் எண்ணெய் பட்டால் ஊறி உப்பி, கையால் உரிக்க வரும். அங்கே நைட்ரைல் ரப்பர், அதுவும் வெள்ளை நிறத்தில், போட வேண்டும். கறுப்பு போட்டால் அரிசியில் கறுப்புத் துகள் வந்து வியாபாரி மூட்டையைத் திருப்பி அனுப்புவார்.

தூசிக்கும் ஈரத்துக்கும் வழி, ரப்பரில் வரி வெட்டுவது. சைக்கிள் டயரில் பட்டன் எதற்கோ, அதற்கேதான் இதுவும். தண்ணீரும் தூளும் வரிக்குள் ஒதுங்கினால் மேடுகள் பெல்ட்டைப் பிடிக்கும். அம்புக்குறி மாதிரி வரி என்றால் முனை சுற்றும் திசையைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் தூள் நடுவில் வந்து சேரும். திசை குழம்பும் இடத்தில் டைமண்ட் வரி போட்டுவிட்டுப் போகலாம்.

கடினம் எவ்வளவு என்பதில் நானே ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன். நிறைய நாள் உழைக்கட்டும் என்று ஷோர் 75 (ரப்பரின் கடினத்தைச் சொல்லும் எண், கூடக்கூடக் கடினம்) ரப்பர் போட்டேன். தேயவே இல்லை, பிடிக்கவும் இல்லை. மழையில் வந்த குறுவை நெல் ஏறிய முதல் வாரமே வழுக்கியது, செலவு என் தலையில். இப்போது 60 பக்கத்தில்தான் நிற்கிறேன், 10 மில்லிமீட்டர் கனம். சுரங்கங்களில் போடும் செராமிக் ஓடு பதித்த லைனரை யாராவது கேட்டால் வேண்டாம் என்பேன். எலிவேட்டர் பெல்ட்டில் பக்கெட் போல்ட்டின் தலை புல்லிப் பக்கம்தான் இருக்கும். இரும்புத் தலை ஓட்டில் சுற்றுக்குச் சுற்று இடித்தால் ஏதாவது ஒன்று உடையும்.

அந்தப் போல்ட் தலையைப் பற்றி இன்னொன்று. நீடாமங்கலம் மில்லில் நடு ரப்பர் போனதற்குப் பாதிக் காரணம் அதுதான். தலை பெல்ட்டுக்குள் அமுங்கி மட்டமாக இருக்க வேண்டும். நின்ற பெல்ட்டின் உட்பக்கத்தில் கை வைத்துத் தடவினேன். நாலைந்து இடத்தில் விளிம்பு உரசியது. எவ்வளவு நல்ல லைனர் போட்டாலும் அதைச் சரிசெய்யாவிட்டால் பழைய கதைதான். தவிர, புல்லி நடுவில் கொஞ்சம் மேடாக இருந்தால்தான் பெல்ட் ஓரம் போகாது. நடு ரப்பர் தேய்ந்தால் அந்த மேடும் போய், பெல்ட் கூண்டின் தகட்டில் உரச ஆரம்பிக்கும்.

ஒட்டும் வேலையை ஐப்பசி, கார்த்திகையில் வைத்துக்கொள்ளாதீர்கள். கிரைண்டரால் பளிச்சென்று தேய்த்த இரும்பில் அந்தக் காற்றின் ஈரம் கண்ணுக்குத் தெரியாமல் படிந்துவிடும். பசை பிடித்த மாதிரி இருந்து, பொங்கலுக்குள் ஓரம் தூக்கிக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் மில் ஓய்ந்திருக்கும்போது செய்வது உத்தமம். முடிந்தால் புல்லியில் காடி வைத்து, சொருகிக் கழற்றும் பட்டையாகவே அமைத்துக்கொள்ளுங்கள். 50 அடி உயரத்தில் செயின் பிளாக் கட்டிப் புல்லியை இறக்கும் கூத்து மிச்சம்.

தீயைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வழுக்கும் புல்லியில் கருகும் ரப்பர்த் துண்டு நேரே அடிப்பெட்டிக்குள் விழும், அங்கே தூசி மேகமாகப் பறந்துகொண்டிருக்கும். 1977 டிசம்பரில் அமெரிக்காவின் வெஸ்ட்வீகோவில் ஒரு தானியக் கிடங்கு தூசியால் வெடித்து 36 பேர் இறந்தார்கள். அதற்குப் பின், 1987இல் அங்கே வந்த விதி ஒன்று, பெல்ட் வேகம் 20 சதவீதம் குறைவதற்குள் எலிவேட்டர் தானாக நிற்க வேண்டும் என்கிறது. பூட் ஷாஃப்ட்டில் ஒரு சென்சார் வைத்தால் போதும், பெரிய செலவில்லை. நான் 10 சதவீதத்திலேயே மணி அடிக்க வைப்பேன். இந்த மில்லில் 52 சுற்று என்பது 13 சதவீதக் குறைவு. 20இல் மட்டும் வைத்திருந்தால் சத்தமே வந்திருக்காது.

பழைய பெல்ட்டையே வைத்துக்கொண்டு, போல்ட் தலைகளை அமுக்கி, சொருகு பட்டை லைனர் போட்டு ஓட்டினோம். அடியில் இறுக்கு போல்ட்டில் பாதி மரையைத் தளர்த்தியும்விட்டோம். மறுபடி சாக்பீஸ். மேலே 60. மேஸ்திரி கீழிருந்து 62 என்று கத்தினார், பிறகு அவருக்கே சந்தேகம். "60க்கு மேல எப்படிண்ணே வரும்? தப்பா எண்ணிட்டேன் போல." ரப்பர் 10 மில்லி ஏறினால் மேல் டிரம்மின் குறுக்களவு 20 மில்லி கூடுகிறது, பெல்ட் 4 சதவீதம் வேகமாகப் போகும் என்று சொன்னேன். தலையாட்டிவிட்டுத் திரும்பக் குனிந்து எண்ண ஆரம்பித்தார். மூன்றாவது தடவையும் 62 வந்த பிறகுதான் சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டார்.