'மறந்துட்டேன் மிஸ்' என்று சொல்லும் பிள்ளைகள்

பள்ளி ஆலோசகராகப் பதினாறு ஆண்டுகள் வேலை செய்துவிட்டேன். என்னிடம் வந்த பிள்ளைகளில் "எங்க வீட்டுல கஷ்டம்" என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் அதையே வேறு வார்த்தைகளில் சொன்னார்கள். "மறந்துட்டேன் மிஸ்." "எனக்கு டூர் பிடிக்காது." "பசிக்கல." "தலைவலி, அதான் வரல."

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. மனக்கணக்கில் வகுப்பிலேயே அவள்தான் வேகம். ஆனால் மூன்று வாரமாக ஜியோமெட்ரி பாக்ஸ் கொண்டுவரவில்லை. கேட்டால் மறந்துவிட்டேன் என்பாள். பொறுப்பில்லை என்று வகுப்பாசிரியர் என்னிடம் அனுப்பினார். நானும் பொறுமையாகப் பேசி, எந்த நாளில் எதை எடுத்துவர வேண்டும் என்று ஓர் அட்டவணை எழுதி, வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்ளச் சொன்னேன். "தேங்க்ஸ் மிஸ்" என்று வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு வாரம் கழித்து அவளுடைய தோழி சொல்லித்தான் தெரிந்தது, அவளிடம் பாக்ஸே கிடையாது. இல்லாத பொருளை மறக்காமல் எடுத்துவர நான் அவளுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். அந்த அட்டவணையை வாங்கும்போதுகூட அவள் உண்மையைச் சொல்லவில்லை. ஏழை என்று தெரிவதைவிட மறதிக்காரி என்று பெயரெடுப்பது அவளுக்கு மேலாக இருந்தது.

அந்த வயதுக்கு இது இயல்பான கணக்குதான். பெரியவர்களும் அப்படித்தான். லினன் சட்டை உயிர்வாழத் தேவையான பொருள் இல்லை, ஆனாலும் அது இல்லாமல் நாலு பேர் முன்னால் வர ஒரு கூலித்தொழிலாளி வெட்கப்படுவார் என்று 1776லேயே பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் எழுதியிருக்கிறார். பள்ளியில் அந்தச் சட்டை ஒரு வருடம் ஷூவாக இருக்கும், இன்னொரு வருடம் டூர் பணமாகவோ பிறந்தநாள் மிட்டாயாகவோ இருக்கும்.

வறுமை என்றவுடன் நாம் வருமானத்தை மட்டும் நினைக்கிறோம். 2010 முதல் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிடும் பல்பரிமாண வறுமைக் குறியீடு பத்து விஷயங்களைப் பார்க்கிறது. ஊட்டச்சத்து, பள்ளி வருகை, குடிநீர், மின்சாரம், சமையல் எரிபொருள், கழிப்பறை, வீட்டின் நிலை எல்லாம் அதில் உண்டு. ஒரு வகுப்பாசிரியர் இந்தப் பட்டியலை ஒருமுறை படித்துவிட்டுத் தன் வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் போதும். தினமும் பத்து நிமிடம் தாமதமாக வரும் பெண் தண்ணீர் பிடித்துவிட்டு வருகிறாள். வீட்டுப்பாடம் பாதியில் நிற்கும் பையனின் வீட்டில் ஒரே அறை, அதில் ஐந்து பேர், ஒரே விளக்கு.

கவனமின்மை என்று நாம் எழுதுவதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன் கையில் காசில்லாதபோதும், அறுவடை முடிந்து பணம் வந்த பிறகும் சோதித்தார்கள். அதே ஆட்கள்தான், ஆனால் பணத்தட்டுப்பாட்டுக் காலத்தில் சிந்தனைத் திறன் சோதனைகளில் குறைவாகச் செய்தார்கள். பணக்கவலையே மனதின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. 'இந்த மாதம் வாடகை கட்ட முடியுமா' என்று இரவில் பெற்றோர் பேசுவதைக் கேட்டுவிட்டு வரும் பிள்ளை பாடத்தை எப்படிக் கேட்கும்?

சரி, ஆசிரியர் என்ன செய்யலாம்? முதலில் கேள்வியை மாற்றலாம். "ஏன் செய்யல?" என்பது குற்றம் சாட்டும் கேள்வி, பிள்ளை பொய்க்குள் ஒளிந்துகொள்ளும். "எது தடுத்துச்சு?" என்று தனியாக, மெதுவாகக் கேட்டால் பதில் வர வாய்ப்பு உண்டு. முதல் முறையே வராது. எனக்கு நாலாவது, ஐந்தாவது முறைதான் வந்திருக்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இரக்கப்பட்டுப் பாடத்தைக் குறைத்துவிடாதீர்கள். "பாவம், அவனுக்கு இவ்வளவு போதும்" என்பது அன்பாகத் தோன்றும், ஆனால் அவனிடம் மிச்சமிருக்கும் ஒரே வழியையும் அது அடைத்துவிடும். கணக்கு அதே கணக்காக இருக்கட்டும். அதைச் செய்ய இடமும் நேரமும் விளக்கும் கொடுங்கள், பள்ளி முடிந்து ஒரு மணி நேரம் ஒரு வகுப்பறையைத் திறந்து வைத்தாலே பாதி பிரச்சினை தீர்கிறது.

உதவி செய்யும் விதத்தில் நானே பெரிய தவறு செய்திருக்கிறேன். இலவச நோட்டு வாங்க வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியலைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மைக்கில் வாசித்தேன். அடுத்த நாள் இரண்டு பையன்கள் வரவில்லை. நோட்டுகள் மேசையிலேயே கிடந்தன. பின்லாந்தில் 1948 முதல் எல்லா மாணவர்களுக்கும் பள்ளியில் இலவச உணவு. எல்லோருக்கும் ஒரே தட்டு, ஒரே வரிசை, அதில் யார் ஏழை என்று யாருக்கும் தெரியாது. எல்லாப் பள்ளிக்கும் அவ்வளவு வசதி இருக்காது. ஆனால் பெயர் வாசிக்காமல் இருக்க வசதி தேவையில்லை. ஃபீஸ் பாக்கி இருப்பவர்களை எழுந்து நிற்கச் சொல்லாமல் இருக்கவும் வசதி தேவையில்லை.

அப்புறம், பெற்றோர். கூட்டத்துக்கு வராத அம்மாவை "பிள்ளை மேல அக்கறை இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். தினக்கூலிக்குப் போகிறவருக்கு மதியம் மூன்று மணிக் கூட்டம் என்றால் ஒரு நாள் சம்பளம் போகும். மாலை ஏழு மணிக்கு வைத்துப் பாருங்கள். போனில் பேசுவதானால் முதல் அழைப்பு நல்ல செய்திக்காக இருக்கட்டும், புகார் சொல்ல மட்டும் கூப்பிடும் எண்ணை யாரும் விரும்பி எடுப்பதில்லை. வறுமையும் அலட்சியமும் ஒன்றல்ல. பிள்ளை அடிபடுகிறது, பயந்து வாழ்கிறது என்ற அறிகுறி தெரிந்தால் அது வேறு விஷயம், உடனே குழந்தைப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஊர்க்காரர்களும் முன்னாள் மாணவர்களும் உதவ வருவார்கள். வரட்டும். ஆனால் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பையைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுப்பதற்கு நான் சம்மதிப்பதில்லை. அதனால் இரண்டு நன்கொடைகள் எங்களுக்கு வராமல் போயின. வருத்தம் உண்டு, முடிவில் மாற்றம் இல்லை. கொடுக்க நினைப்பவர்களிடம் பணத்தைவிட நேரத்தைத்தான் அதிகம் கேட்கிறேன். வாரம் இரண்டு மாலை வந்து உட்கார்ந்து வாசிக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் இதை அழகாகச் செய்கிறார்கள்.

எங்கள் பள்ளியில் நூலகத்துக்குப் பக்கத்தில் ஒரு அலமாரி இருக்கிறது. நோட்டு, பேனா, ஜியோமெட்ரி பாக்ஸ், சானிட்டரி நாப்கின், துவைத்து மடித்த சீருடை எல்லாம் இருக்கும். பூட்டு கிடையாது, கையெழுத்து கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். முதல் மாதம் மூன்று முறை காலியானது. "இப்படி வைத்தால் திருடத்தான் செய்வார்கள்" என்று சிலர் சொன்னார்கள். மறுபடி நிரப்பினோம். மூன்றாவது மாதம் எடுப்பது குறைந்தது, எப்போதும் இருக்கும் என்று நம்பிக்கை வந்தபின் யாரும் சேர்த்து வைத்துக்கொள்ளவில்லை. நீங்கள் தொடங்குவதாக இருந்தால் அந்த முதல் மூன்று மாதத்துக்கு மட்டும் கூடுதலாகப் பொருள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.