நகரும் பாலம் இல்ல, துலாப் பாலம்

நேற்றும் ஒரு செய்தியில கேட்டன், லண்டன் டவர் பிரிட்ஜ "உலகப் புகழ்பெற்ற நகரும் பாலம்" எண்டு வாசிச்சாங்க, எத்தினையாவது தரம் எண்டு எண்ணுறதையே விட்டுட்டன். அந்தப் பாலம் எங்க நகருது? 1894ல திறந்த நாளில இருந்து தேம்ஸ் ஆத்தில அதே இடத்திலதான் நிக்குது. கப்பல் வந்தா நடுவில இருக்கிற ரெண்டு தட்டும் எழும்பும், போனாப்பிறகு படியும்.

நகருறது எண்டா என்னெண்டு திருகோணமலைச் சனத்துக்குச் சொல்லித்தரத் தேவையில்ல. 2009ல கிண்ணியாப் பாலம் திறக்குமட்டும் எங்கள அக்கரைக்குக் கொண்டுபோனது பாதை எண்டுற மிதவைப் படகு. ரோட்டே தண்ணிக்கு மேல நகர்ந்து போற மாதிரி இருக்கும், பேரும் பாதை. கிண்ணியா ஆக்களிட்ட நகரும் பாலம் எண்டா அவங்களுக்கு அந்தப் பாதைதான் ஞாபகம் வரும்.

டவர் பிரிட்ஜ் மாதிரியான பாலத்துக்கு இங்கிலீஷ்ல பஸ்கியூல் எண்டு பேர், பிரெஞ்சுச் சொல்லு, சீசோப் பலகை எண்டு அர்த்தம். அவ்வளவுதான் சொல்லுப் பிறப்பு.

இப்ப சிலபேர் "அசையும் பாலம்" எண்டும் எழுதுறாங்க. காணி உறுதிப் பத்திரத்தில வாற அசையும் ஆதனம், அசையா ஆதனத்தில இருந்து எடுத்திருக்கிறாங்க போல, ஆனா ஆதனத்துக்குச் சரியான சொல்லு பாலத்துக்குச் சரிவராது, அசையுற பாலம் எண்டா ஆணி கழண்டு ஆடுற பாலம், அதில ஆர் கால் வைப்பாங்க? "இழுபாலம்" கோட்டை அகழிக்குச் சரி, அங்க சங்கிலியால இழுத்துத் தூக்கினவங்க. "தொங்குபாலம்" எண்டுறவங்களக் கூட நான் கோவிக்கமாட்டன், டவர் பிரிட்ஜின்ர கரைப்பக்கத் துண்டு ரெண்டும் உண்மையிலயே தொங்குபாலந்தான், நடுத்துண்டுதான் எழும்புறது.

தூக்குப்பாலம் நல்ல சொல்லு, பாம்பன் பக்கம் சனத்தின்ர வாயில புழங்குற சொல்லு. ஆனா 1914ல திறந்த பழைய பாம்பன் பாலம் நடுவில பிரிஞ்சு ரெண்டு பக்கமும் சரிஞ்சு எழும்பினது, 2025ல திறந்த புதுசில 72.5 மீட்டர் துண்டு அப்பிடியே நேரா மேல போகுது. ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சா வித்தியாசம் எப்பிடி விளங்கும்? நேரா எழும்புறது தூக்குப்பாலமா இருக்கட்டும். சரிஞ்சு எழும்புறதுக்கு எங்கட கிணத்தடியிலயே சொல்லு இருக்கு, துலா. பின்முனையில பாரம், முன்முனையில வாளி, பின்பாரம் இறங்க வாளி லேசா மேல வரும். டவர் பிரிட்ஜில ஆயிரம் தொன்னுக்கு மேல பாரமான தட்டு லேசா எழும்புறதும் பின்பக்கத்து எதிர்ப்பாரத்தின்ர உதவியாலதான். ஜகார்த்தாப் பழைய துறைமுகத்துக்குக் கிட்ட 1628ல முதல் கட்டின கோத்தா இந்தான் பாலத்தின்ர படத்தப் பாருங்க, தலைக்கு மேல நீட்டி நிக்கிற மரம் அச்சொட்டா துலா மரந்தான். அதால துலாப் பாலம்.

மொழிபெயர்க்கிறவங்க சொல்லத்தான் பாக்கிறாங்க, சாமானப் பாக்கிறதில்ல, எனக்கு உண்மையா வயிறெரியுது. 1876ல இங்கிலாந்து நியூகாசில்ல திறந்த ஸ்விங் பிரிட்ஜுக்கு ஒருத்தர் "ஊஞ்சல் பாலம்" எண்டு எழுதியிருந்தார். அது ஊஞ்சல் ஆடேல்ல, நடுத்தூணில கிடையாச் சுத்தித் திரும்பிக் கப்பலுக்கு வழி விடுற மாதிரிக் கட்டினது. சுழல் பாலம் எண்டு எழுதுங்க.