ஏசி காஸை 'புஸ்'ஸென்று திறந்துவிட்டால் என்ன ஆகும்?

கடலூர் மஞ்சக்குப்பம் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஏசி பார்க்க வந்தவர் பழைய காஸைச் சும்மா வெளியே திறந்துவிட்டார். கேட்டால், ஓசோனுக்குக் கெடுதல் இல்லாத காஸ் சார் என்கிறார். சரியா?"

ஓசோன் மட்டும் என்றால் சரி. வெப்பம் என்று பார்த்தால் கதை வேறு. இந்த வகைக் காஸ்கள் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்று கண்டுபிடித்தவர் நம் மாவட்டத்தில் படித்தவர்தான். வீரபத்ரன் ராமநாதன், 1965-ல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்து, செகந்திராபாத்தில் ஒரு ஃபிரிட்ஜ் கம்பெனியில் சேர்ந்தார். காஸ் ஏன் ஒழுகுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. அப்புறம் பெங்களூரு, அமெரிக்கா. 1975-ல் அதே காஸின், அதாவது சிஎஃப்சியின் (குளோரோஃபுளோரோகார்பன்), ஒரு மூலக்கூறு வெப்பத்தைப் பிடிப்பதில் சுமார் 10,000 கார்பன் டையாக்சைடு மூலக்கூறுகளின் வேலையைச் செய்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

அதெப்படி பத்தாயிரம்? தை மாதம் மேகமில்லாத இரவில் மொட்டை மாடியில் படுத்தவர்களுக்குத் தெரியும், விடிவதற்குள் பாய் நனைந்து நடுங்க வைத்துவிடும். தரை தன் சூட்டை அகச்சிவப்புக் கதிராக மேலே அனுப்பிவிடுவதுதான் காரணம். அந்தக் கதிரில் பல அலைநீளங்களை நீராவி பிடித்துக்கொள்ளும், 15 மைக்ரான் பக்கம் கார்பன் டையாக்சைடு நிற்கும், ஆனால் 8 முதல் 12 மைக்ரான் வரை பெரிதாகத் தடுக்க ஆளில்லை, அது திறந்த ஜன்னல் (ஈரக் கடற்காற்றில் நம்மூர் ஜன்னல் கொஞ்சம் மங்கல்தான்). மேகம் வந்தால் ஜன்னல் சாத்திக்கொள்ளும், புழுங்கும். சிஎஃப்சியில் கார்பனோடு ஃபுளோரினும் குளோரினும் சேர்ந்த பிணைப்புகள் அதிர்வது சொல்லிவைத்தாற்போல இந்த ஜன்னலுக்குள்ளேயே! 15 மைக்ரானில் ஏற்கெனவே கறுப்படித்த கண்ணாடிக்கு இன்னொரு கோட் அடித்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. வெறும் கண்ணாடியில் முதல் தீற்றல் பளிச்சென்று தெரியும். அளவு மிக அதிகம் என்பதால் மொத்தக் கணக்கில் கார்பன் டையாக்சைடுதான் இன்னும் முதல் குற்றவாளி, அது வேறு.

'ஃபிரிட்ஜ் காஸுக்கும் வானத்துக்கும் என்ன சம்பந்தம்' என்று கேட்கிற, ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் குழுவிடம் இன்று ஓர் இளைஞர் இதற்குப் பணம் கேட்டால் கிடைக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

ராமநாதன் ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை. 2014-ல் வாடிகனில், கார் நிறுத்தும் இடத்தில், போப் பிரான்சிஸிடம் இரண்டே வாக்கியம் பேச நேரம் கிடைத்தது. புகை பெரும்பாலும் வசதியான 100 கோடிப் பேருடையது, அடிபடப் போவது ஏழைகள் 300 கோடிப் பேர் என்பதை அதற்குள் சொல்லி முடித்தார்.

ஓசோனைக் காக்க உலக நாடுகள் போட்ட 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தால் சிஎஃப்சி ஒழிந்தது. பிறகு வந்த எச்எஃப்சியில் (ஹைட்ரோஃபுளோரோகார்பன்) ஓசோனை அரிக்கும் குளோரின் இல்லை, ஓசோன் பிழைத்தது. ஃபுளோரின் பிணைப்பு இருக்கிறதே, ஜன்னலை அது மறைக்கிறது. அதனால்தான் 2016-ல் ருவாண்டா நாட்டின் கிகாலியில் அதையும் குறைக்க ஒப்புக்கொண்டார்கள். இப்போது புது ஏசிகளில் வரும் ஆர்-32 என்ற எச்எஃப்சி ஒரு கிலோ வெளியே போனால், 100 ஆண்டுக் கணக்கில் சுமார் 675 கிலோ கார்பன் டையாக்சைடுக்குச் சமம்.

பழைய காஸைச் சிலிண்டரில் பிடிக்கக் கருவி இருக்கிறது. அடுத்த முறை வருபவரிடம் அது இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஒழுகலை அடைக்காமல் காஸ் மட்டும் நிரப்ப விடாதீர்கள்.