பேய்ப் படம், ஏ சான்றிதழ், கையில் குழந்தை: டிக்கெட் எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

"கூட நாங்க வர்றோம்ல, எங்க பொறுப்பு." இப்படிச் சொன்னால் போதும் என்று நம்பித்தான் பல குடும்பங்கள் பிள்ளைகளோடு பேய்ப் படத்துக்குக் கிளம்புகின்றன. ஏ சான்றிதழ் பெற்ற படத்தில் அந்த வார்த்தைக்கு மதிப்பே கிடையாது. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி எல்லோரும் சேர்ந்து சம்மதித்தாலும் 18 வயது நிரம்பாத பிள்ளைக்கு அந்தப் படத்தைக் காட்டத் தியேட்டருக்கு அனுமதி இல்லை. இதை டிக்கெட் விற்கும்போது யாரும் சொல்வதில்லை. பணம் வாங்கி, வண்டி நிறுத்தக் கட்டணமும் வாங்கி, பை சோதனையும் முடித்து, கடைசியாக டிக்கெட் கிழிக்கும் இடத்தில்தான் சொல்கிறார்கள். அங்கே ஆறு வயதுப் பிள்ளை அழ, அம்மா கெஞ்ச, பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க, ஒரு குடும்பம் அவமானப்பட்டுத் திரும்புவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பின்னணி சுருக்கமாக. 1952ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் சட்டப்படி, நாம் சென்சார் போர்டு என்று சொல்லும் மத்திய திரைப்படச் சான்றிதழ் வாரியம் ஒவ்வொரு படத்துக்கும் சான்றிதழ் தருகிறது. யு என்றால் எல்லோரும் பார்க்கலாம். ஏ என்றால் 18 நிரம்பியவர்கள் மட்டும். நடுவில் இருந்த யுஏவை 2023 சட்டத் திருத்தம் யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று மூன்றாகப் பிரித்தது. 2024 இறுதியிலிருந்து இந்த அடையாளங்களைப் படங்களில் பார்க்கிறோம். பெற்றோருக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

முக்கியமான விஷயம், யுஏவும் ஏவும் ஒரே ஏணியின் அடுத்தடுத்த படிகள் அல்ல. யுஏ பக்கத்தில் இருக்கும் வயது பெற்றோருக்கான அறிவுரை. பிள்ளையைக் கூட்டிப்போவதா வேண்டாமா என்று முடிவு செய்வது பெற்றோரோ பாதுகாவலரோதான். அவர்களைத் தவிர வேறு யாரும் அந்த வயதைக் காட்டிக் கட்டாயப்படுத்த முடியாது என்று திருத்தச் சட்டமே சொல்கிறது. ஏ அப்படி இல்லை. அது தடை. மீறிக் காட்டினால் சட்டம் கேள்வி கேட்பது படத்தைக் காட்டியவரை, அதாவது தியேட்டரை. நீங்கள் என்ன உறுதிமொழி எழுதிக் கொடுத்தாலும் அந்தப் பொறுப்பு தியேட்டரை விட்டுப் போகாது. வாசலில் நிற்பவர் கறாராக இருப்பதற்குக் காரணம் இதுதான். அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. விதியை எழுதியவரும் அவர் இல்லை, உங்களுக்கு டிக்கெட் விற்றவரும் அவர் இல்லை.

இந்த வித்தியாசம் பல தியேட்டர் ஊழியர்களுக்கே சொல்லித் தரப்படவில்லை என்பதுதான் கொடுமை. யுஏ 16+ படத்துக்கு அப்பாவோடு வந்த பதினான்கு வயதுப் பையனை "பதினாறு ஆகல, விட முடியாது" என்று நிறுத்துகிறார்கள். அதே ஊரில் இன்னொரு தியேட்டரில் ஏ படத்துக்கு ஐந்து வயதுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாலும் யாரும் கேட்பதில்லை. முதல் வகையில் மாட்டினால் அமைதியாக மேலாளரை வரச் சொல்லுங்கள். "இது ஏ படம் இல்லை, யுஏ. முடிவு பெற்றோருடையது என்று சட்டத்தில் இருக்கிறது. உங்கள் தியேட்டரின் தனி விதி என்றால் எழுத்தில் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலும் அதோடு வழி கிடைத்துவிடும். அத்தை, மாமா, சித்தப்பா கூட்டிப்போனாலும் இதே பேச்சுதான்.

இனி, குடும்பங்கள் ஏமாறும் இடங்கள்.

பேய்ப் படத்தில் முதல் பொறி இரண்டாம் பாகம். முதல் பாகம் யுஏ, பிள்ளை வீட்டில் பார்த்துச் சிரித்தது, ஆகவே இரண்டாம் பாகமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். சான்றிதழ் ஒவ்வொரு படத்துக்கும் தனி. முதல் பாகம் நகைச்சுவைப் பேயாக இருந்து, அடுத்தது ரத்தமும் வெட்டும் நிறைந்து ஏ வாங்கியிருக்கலாம். டப்பிங் படமும் இப்படித்தான். ஆங்கிலப் பதிப்புக்கு ஒரு சான்றிதழ், தமிழ் டப்பிங்குக்கு ஒரு சான்றிதழ். நண்பர் ஆங்கிலத்தில் பார்த்துவிட்டுச் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் டிக்கெட்டில் இருக்கும் பதிப்புக்கு என்ன சான்றிதழ் என்று பாருங்கள்.

அடுத்தது "டிவியிலேயே போட்டாங்களே." ஏ படம் டிவிக்கு அப்படியே வராது. காட்சிகளை வெட்டி, மறுபடி சான்றிதழ் வாங்கித்தான் வர வேண்டும். டிவியில் வந்ததால் தியேட்டரில் மறுவெளியீட்டுக்கும் பிள்ளையை விடுவார்கள் என்று எண்ணிப் போகாதீர்கள், அங்கே ஓடுவது பழைய ஏ பதிப்பாக இருக்கலாம். மறுவெளியீட்டில் இன்னொன்றும் உண்டு. புதிய முறைக்கு முன்பு சான்றிதழ் வாங்கிய படங்களில் வெறும் யுஏ என்றுதான் இருக்கும், பக்கத்தில் வயது இருக்காது. அதை எல்லா வயதுக்கும் பொருந்தும் என்று படிக்க வேண்டாம். பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளைப் பெற்றோர் யோசித்துக் கூட்டிவர வேண்டும் என்பதே பழைய யுஏவின் பொருள்.

நடிகரை நம்பிப் போவது பெரிய பொறி. 2025 ஆகஸ்டில் 'கூலி' ஏ சான்றிதழோடு வந்தது. பேய்ப் படம் அல்ல, ஆனால் ரஜினி படம். நம் ஊரில் ரஜினி படத்துக்குப் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டா போவார்கள்? பல மல்டிபிளெக்ஸ்களில் 18 வயதுக்குட்பட்டவர்களை உள்ளே விடவில்லை. யுஏ கேட்டுத் தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது, மனு தள்ளுபடி ஆனது. அவ்வளவு பெரிய நிறுவனத்தாலேயே மாற்ற முடியாததை வாசலில் நின்று நாம் பேசி மாற்ற முடியாது.

வயது விஷயத்தில் "பதினெட்டு நடக்குது" என்பது செல்லாது. பதினெட்டு முடிந்திருக்க வேண்டும். கல்லூரி முதலாண்டு படிப்பவர்களில் பலருக்கு இன்னும் முடிந்திருக்காது, அவர்களுடைய கல்லூரி அடையாள அட்டையில் பிறந்த தேதியும் பல நேரம் இருக்காது. ஆதார் அட்டையையோ ஓட்டுநர் உரிமத்தையோ கையில் வைத்திருங்கள். வயது முடிந்தும் சின்ன உருவமாக இருப்பவர்கள்தான் இதில் அதிகம் அலைக்கழிக்கப்படுகிறார்கள். கைக்குழந்தை தூங்கத்தானே போகிறது என்ற வாதமும் மல்டிபிளெக்ஸ் வாசலில் எடுபடுவதில்லை.

திருப்பி அனுப்பப்பட்ட பிறகு சிலர் செய்யும் ஒரு காரியம் எனக்கு வயிற்றைக் கலக்கும். டிக்கெட் வீணாகக் கூடாதென்று பெரியவர்கள் உள்ளே போய், பிள்ளையை மாலின் விளையாட்டு இடத்திலோ சாப்பாட்டுக் கடை மேசையிலோ அக்காவோடு உட்கார வைத்துவிடுகிறார்கள். அந்த அக்காவுக்கே பதினொன்றோ பன்னிரண்டோ வயது இருக்கும். இரண்டரை மணி நேரம் அந்தக் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்? டிக்கெட் பணம் போனால் போகட்டும். ஒருவர் பிள்ளையோடு வெளியே இருங்கள்.

பணம் திரும்பக் கிடைக்குமா என்றால், பெரும்பாலும் கிடைக்காது. முன்பதிவுச் செயலியில் பணம் கட்டும் முன் சின்ன எழுத்தில் ஒரு பெட்டி வரும். 18 வயதுக்குட்பட்டோருக்கு அனுமதி இல்லை, பணம் திருப்பப்படாது என்று அதில் இருக்கும். படிக்காமல் சம்மதம் தட்டிவிடுகிறோம். பிறகு செயலியைக் கேட்டால் தியேட்டர் விதி என்பார்கள். தியேட்டரில் கேட்டால் டிக்கெட் விற்றது செயலி என்பார்கள். இருவருமே உங்கள் பணத்தில் பங்கு எடுத்துக்கொண்டவர்கள், பதில் சொல்லும்போது மட்டும் இருவரும் கையை விரிக்கிறார்கள்.

ஆனால் இரண்டு நிலைமைகளில் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. ஒன்று, குழந்தையைக் கையில் பிடித்தபடி நீங்கள் நேரில் நின்று கேட்டபோது கவுன்டரில் அதற்கும் சேர்த்து டிக்கெட் கொடுத்துவிட்டு, வாசலில் மறுப்பது. இரண்டு, முன்பதிவுப் பக்கத்தில் ஏ என்று எங்குமே காட்டாதது. இப்படி நடந்தால் அங்கிருந்து கிளம்பும் முன்பே மேலாளரிடம் பணத்தைக் கேளுங்கள். வீட்டுக்குப் போய் மின்னஞ்சல் போடலாம் என்று கிளம்பிவிட்டால் விஷயம் அதோடு முடிந்தது. மறுத்தால் டிக்கெட்டின் பின்னால் அனுமதி மறுக்கப்பட்டது என்று நேரத்தோடு எழுதிக் கையெழுத்து கேளுங்கள். அதையும் மறுத்தால் டிக்கெட், கவுன்டர் பலகை, காட்சி நேரம் மூன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலேயே பேசிப் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போகலாம், ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், நான்கு டிக்கெட் பணத்துக்காக வாய்தா வாய்தாவாக அலைவது எல்லோராலும் முடியாது. முதலில் 1915, நகரவில்லை என்றால் மட்டும் ஆணையம்.

இதற்கு நேர்மாறான அநியாயமும் இருக்கிறது. ஏ சான்றிதழ் பேய்ப் படத்தின் முதல் வாரக் காட்சியில் அரங்கம் நிறைய குழந்தைகள். கேட்பாரில்லை. பக்கத்து இருக்கையில் ஒரு சின்னப் பெண் காதைப் பொத்திக்கொண்டு "போலாம்பா, போலாம்பா" என்று அழுதுகொண்டே இருப்பாள். அப்பா "ஒண்ணுமில்ல, பொம்மைதான்" என்று திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொல்வார். இதைப் பார்த்துவிட்டு எங்கே புகார் கொடுப்பது?

பலர் முதலில் சென்சார் போர்டுக்கு எழுதுகிறார்கள். சென்னை நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் அதன் மண்டல அலுவலகம் இருக்கிறது. சான்றிதழ் கொடுப்பதோடு எங்கள் வேலை முடிந்தது, தியேட்டரைக் கண்காணிப்பது மாநில அரசு என்ற பதில்தான் அங்கிருந்து வரும். காவல் நிலையத்துக்குப் போனால் தியேட்டர் உரிமம் எங்களிடம் இல்லை என்பார்கள். ஆளுக்கொரு கதவைக் காட்டுவதற்குள் படமே தியேட்டரை விட்டுப் போய்விடும். தமிழ்நாட்டில் தியேட்டருக்கு உரிமம் தருவது மாவட்ட ஆட்சியர், சென்னை மாநகரில் காவல் ஆணையர். புகார் அங்கேதான் போக வேண்டும். மற்ற இடங்களுக்கு நகல் அனுப்புங்கள், அலையாதீர்கள்.

மனுவில் நீளமான வருத்தம் எழுத வேண்டாம். தியேட்டர் பெயர், ஊர், திரை எண், படம், சான்றிதழ் ஏ என்பது, தேதி, காட்சி நேரம், வாசலில் வயது கேட்கவில்லை என்ற ஒரு வரி, உங்கள் டிக்கெட்டின் நகல். இவ்வளவுதான். மற்றவர் குழந்தைகளின் முகம் தெரியும்படி படம் எடுத்து இணைக்காதீர்கள், சமூக ஊடகத்திலும் போடாதீர்கள். அந்தப் பிள்ளை எந்தத் தவறும் செய்யவில்லை. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண்ணோடு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். "வச்சிட்டுப் போங்க, பார்க்கிறோம்" என்று சொல்லி வாங்கிய மனு எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. முதல்வர் உதவி மையம் 1100இலும் பதியலாம், ஆனால் அங்கேயும் உரிமம் வழங்கும் அதிகாரி யார் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் மனு மறுபடி ஊர் சுற்றும்.

வீட்டில் ஓடிடியில் பார்ப்பதற்கு இந்த வாரியத்தின் கையே கிடையாது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அந்தந்தத் தளமே வயது போட்டுக்கொள்கிறது. யு/ஏ 13+ படங்களுக்கும் அதற்கு மேலான படங்களுக்கும் பூட்டு வசதி தர வேண்டும் என்று விதி இருக்கிறது. தளம் பூட்டைத் தரும், பூட்டுவது நீங்கள்தான். பல வீடுகளில் அப்பாவின் கணக்கிலேயே பிள்ளையும் பார்க்கிறது, கடவுஎண் இல்லை. இன்றைக்கே பிள்ளைக்குத் தனிக் கணக்கு திறந்து, உங்கள் கணக்குக்குக் கடவுஎண் போடுங்கள்.

யுஏ பேய்ப் படத்துக்குப் போகவே போகிறீர்கள் என்றால் ஓரத்து இருக்கை எடுங்கள். சான்றிதழில் இருக்கும் வயது உங்கள் பிள்ளையைப் பார்த்துப் போட்டதில்லை. பதின்மூன்று வயதில் சிரிக்கும் பிள்ளையும் உண்டு, அதே வயதில் படம் பார்த்துவிட்டு வாரக்கணக்கில் விளக்கை அணைக்க விடாத, தனியே குளியலறைக்குப் போகாத பிள்ளையும் உண்டு. திரையில் சான்றிதழ் ஓடும்போது எழுத்தையும் வயதையும் படியுங்கள், அதற்குத்தான் அதைக் காட்டுகிறார்கள். பாதிப் படத்தில் பிள்ளை எழுந்து போகலாம் என்றால் "காசு கொடுத்தாச்சு, கண்ணை மூடிக்கோ" என்று உட்கார வைக்காதீர்கள். கண்ணை மூடினாலும் சத்தம் கேட்கும். உடனே வெளியே கூட்டிவந்து, விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் கொடுத்து, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள்.